பேனைக் குழாயால் உப்பளந்த கதை

ஓய்வு பெற்றவனுக்கு இரண்டு வியாதி வரும் என்பார்கள். ஒன்று முழங்கால் உளைவு, மற்றது பழங்கதை. என் முழங்கால் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. பழங்கதைக்கு நான் பொறுப்பில்லை, எங்கள் பழைய நீர்ப்பாசன அலுவலகத்துப் பிள்ளைகள்தான் பொறுப்பு.

அண்மையில் ஓர் அலுவலாக அங்கே போயிருந்தேன். விடுமுறைப் பயிற்சிக்கு வந்த மாணவர்களின் அறிக்கைகள் மேசையில் அடுக்கி இருந்தன. வழுவழுப்பான அட்டை, நிறநிறமாய்ப் படங்கள். சும்மா புரட்டிப் பார்த்தேன். வெவ்வேறு குளங்களைப் பற்றி எழுதிய இரண்டு பேரின் முன்னுரையும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஒருவர் மற்றவருடைய குளத்தின் பெயரை மாற்றக்கூட மறந்துபோயிருந்தார். நான் சிரித்த சிரிப்பில் இளம் பொறியியலாளர் பிரதீபா எழுந்து வந்தார்.

"சிரியாதேங்கோ சேர். உங்கட காலத்தில எப்பிடிச் செய்தனீங்கள் எண்டு சொல்லுங்கோ பாப்பம். கரண்டும் இல்லை, கொம்பியூட்டரும் இல்லை."

"பற்றறியும் இல்லைப் பிள்ளை. அதாலதான் நல்லாச் செய்தனான்."

"அப்ப எழுதித் தாங்கோ. இவையளுக்கு வாசிக்கக் குடுப்பம்."

கேட்டது அவர். ஆகவே இதில் பெருமை கூடிப்போனால் என்னை நோகக் கூடாது. வேலைக் காலம் முழுவதும் எத்தனையோ வாய்க்கால் வெட்டினேன், கலிங்கு கட்டினேன். எல்லாம் நல்ல வேலைதான். ஆனாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல ஒன்று வேண்டுமென்றால், மாணவனாக இருந்தபோது செய்து முடித்த அந்தப் பயிற்சி அறிக்கையைத்தான் சொல்வேன்.

நான் ஜெயபுரத்தான். அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருந்து வந்து காடு வெட்டி வயல் செய்தவர்கள். தொழில்நுட்பக் கல்லூரியில் நான் படித்த கதையை எழுதினால் பாதி இடம்பெயர்வாகவே இருக்கும், அதை விடுவோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருவழியாகக் கடைசிப் படிக்கு வந்தேன். சோளகக் காற்று வீசும் விடுமுறை மாதங்களில் ஓர் அலுவலகத்தில் பயிற்சி. அங்கே ஓர் ஆய்வு. அதை அறிக்கையாக எழுதி, பொறுப்பதிகாரியின் கையெழுத்து வாங்கி, பரீட்சகர் முன் நின்று பதில் சொல்ல வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் டிப்ளோமா இல்லை. டிப்ளோமா இல்லையென்றால் வேலையும் இல்லை. அப்பாவின் வயல் என் அண்ணன்மாருக்கே காணாது. எனக்கு அந்தக் கையெழுத்தை விட்டால் வேறு கதி இருக்கவில்லை.

கையெழுத்து வைக்க வேண்டியவர் முல்லைத்தீவுப் பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்த பொறியியலாளர் தவமலர் மிஸ். மெலிந்த உருவம், பருத்திச் சேலை, கன்னத்துக்குள் எந்நேரமும் ஒரு கராம்பு. பெற்றோல் கிடைக்காத காலம் என்பதால் வாய்க்கால் பார்க்கச் சைக்கிளில்தான் போவார். பயிற்சிக்கு வருபவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார், ஊர் சொல்லித்தான் கூப்பிடுவார். என்னோடு வந்தவன் நெளுக்குளம். நான் ஜெயபுரம்.

மாணவர் எழுதியதை மிஸ் வாசிக்கும் விதம் ஒன்று உண்டு. யன்னலுக்கு முதுகு காட்டி இருந்து, வானொலியில் மரண அறிவித்தல் வாசிப்பதுபோல் ஏற்ற இறக்கம் இல்லாமல் உரத்து வாசிப்பார். ஓரிடத்தில் நிற்பார். கராம்பு இந்தக் கன்னத்தில் இருந்து அந்தக் கன்னத்துக்குப் போகும். அந்த வரியில் பிழை பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம்.

"'ஓடையில் நீர்மட்டம் குறைந்து வருவதாக அறியப்படுகிறது.' யார் பாத்தது?"

"ஆக்கள் சொல்லினம் மிஸ்."

"அப்ப ஆக்கள் சொன்னதெண்டு எழுதும். நீர் பாத்ததெண்டால் நீர் பாத்ததெண்டு எழுதும். ஒருத்தரும் பாக்காததை எழுதாதேயும்."

அதைவிடப் பெரிய சங்கடம் அவருடைய இன்னொரு வழக்கம். அறிக்கை எந்த ஊரைப் பற்றியதோ, அந்த ஊர்ச் சனத்துக்கு முன்னால் நின்று அதை முழுவதும் வாசித்துக் காட்ட வேண்டும். வேறெந்த அலுவலகத்திலும் இப்படி ஒரு சட்டம் கிடையாது. "வாசிச்சுப் போட்டு அடி வாங்காமல் வந்தீரெண்டால் கையெழுத்து வைப்பன்," என்பார். பகிடியாகச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

நெளுக்குளத்துக்கு ஒரு குளத்துக் கலிங்கு கிடைத்தது. எனக்குக் கிடைத்தது உப்பு.

நீரேரிக் கரையில் ஒரு குடியேற்றத் திட்டம் இருந்தது. ஊரின் பெயர் இங்கே வேண்டாம். நீரேரியில் இருந்து ஓர் ஓடை உள்ளே வரும். ஓடையின் மேற்பக்கம் எங்கள் ஆட்களைப்போல் குடாநாட்டில் இருந்து வந்தவர்களின் வயல்கள். கீழ்ப்பக்கம் கத்தோலிக்க மீனவர்களின் வாடிகளும் அந்தோனியார் கோயிலும். உவர்நீர் வயலுக்கு ஏறாமல் ஓடைக்குக் குறுக்கே ஒரு சிறிய தடுப்பணை. அதன் வாய்களுக்குப் பலகை போட்டிருக்கும், வேண்டியபோது பலகையைத் தூக்கலாம். இரண்டு மூன்று போகமாக வயலில் உப்பு ஏறி, நெல் நுனி கருகிக்கொண்டு வந்தது. மீனவர்கள் இறால் பிடிக்கக் களவாகப் பலகையைத் தூக்குகிறார்கள் என்பது கமக்காரரின் முறைப்பாடு. பலகைகளுக்கு ஆணி அடித்து, மீனவர் அந்த ஓடையில் வலை வைப்பதை அடியோடு நிறுத்த வேண்டும் என்று அவர்களின் சங்கம் முடிவெடுத்து மிஸ்ஸிடம் வந்திருந்தது. போர்க்காலத்தில் கடல் பாதி நாள் மீன்பிடிக்கு அடைத்தே கிடந்தது. ஓடையும் அடைபட்டால் கீழ்க்கரைக் குடும்பங்கள் பட்டினிதான்.

சங்கத் தலைவர் பரமலிங்கத்தார். அகன்ற தோள், அதைவிட அகன்ற குரல். கடல்நீரில் விளக்கெரியும் அற்புதத்துக்குப் பேர்போன வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கல் தவறவிடாதவர். நான் யார் பிள்ளை என்று விசாரித்து அறிந்ததும் முகம் மலர்ந்துபோனார். தன் வயலுக்குக் கூட்டிச்சென்று கருகிய நெல்லைக் காட்டினார்.

"அம்மனுக்கு உப்புத்தண்ணியில விளக்கெரியும் தம்பி. எங்களுக்கு உப்புத்தண்ணியில நெல்லு விளையாது. நீ எங்கட பெடியன். உள்ளதை எழுது."

உள்ளது என்று அவர் சொன்னது எது என்று எனக்கு நன்றாக விளங்கியது.

மிஸ் என்னைத் தங்க வைத்ததோ கீழ்க்கரையில், மீனவர் சங்கத்து அந்தோனிப்பிள்ளையின் வீட்டில். வேண்டுமென்றே செய்த வேலை. அந்தோனிப்பிள்ளை அதிகம் பேசாத மனிதர். அவருடைய மனைவி றீற்றா அக்கா அவருக்கும் சேர்த்துப் பேசுவார். "உளவு பாக்க வந்தனியோ, சாப்பிட வந்தனியோ?" என்று முதல் நாளே கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஒரு கோப்பை நிறைய இறால் குழம்பு ஊற்றினார்.

இனி வேலைக்கு வருகிறேன். உப்பளக்கும் மின்மானி ஒன்று அலுவலக அலுமாரிக்குள் இருந்தது. நல்ல மானி. ஆனால் அதற்குப் பற்றறி வேண்டும், போர்க்காலத்தில் பற்றறி வன்னிக்குள் வரத் தடை. மிஸ்ஸிடம் போய்க் கையை விரித்தேன்.

"உப்புத்தண்ணி பாரம் கூடினது எண்டு படிச்சனீரோ?"

"ஓம் மிஸ்."

"பிறகென்ன? போம்."

அவ்வளவுதான் உதவி. நான் போய் இருந்து யோசித்தேன். நானே யோசித்தேன் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஆசுப்பத்திரியில் வெறும் மருந்துப் போத்தல் ஒன்று வாங்கினேன், இறப்பர் மூடியோடு. மூடியைத் துளைத்து, எழுதித் தீர்ந்த பேனைக் குழாய் ஒன்றைக் கழுவிச் செருகி, அதன் நுனியை மெழுகால் அடைத்தேன். போத்தலுக்குள் அந்தோனிப்பிள்ளையின் வலையில் கட்டும் ஈயக் குண்டுகளைப் போட்டேன். தண்ணீரில் விட்டால் போத்தல் அமிழ்ந்து, பேனைக் குழாய் மட்டும் மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். தண்ணீரில் உப்புக் கூடினால் குழாய் உயர்ந்து வரும். மெல்லிய குழாய் என்பதால் சிறு உப்புக்கும் நன்றாக அசைந்தது. அன்று நான் துள்ளியதைப் பார்த்து றீற்றா அக்கா சிலுவை போட்டுக்கொண்டார்.

பிறகு அளவு குறிக்க வேண்டும். உப்பை நிறுத்துக் கரைத்து, ஒவ்வோர் அளவுக்கும் குழாயில் ஒரு கோடு. ஆனையிறவு உப்பு ஈரம் பிடித்துக் கிடந்ததால், குசினியில் சட்டி வாங்கி வறுத்துக் காயவைத்துத்தான் நிறுத்தேன். இன்னுமொன்றும் கவனித்தேன். வெயிலில் சுட்ட தண்ணீர் இலேசாகிப் பொய் சொல்லியது. ஆகவே அள்ளிய இடத்தில் அளப்பதை விட்டு, எல்லாப் போத்தல்களையும் கொண்டுவந்து ஒரே கிடாரத்துத் தண்ணீருக்குள் வைத்து, ஒரே குளிர்ச்சிக்கு வந்தபின் அளந்தேன். ஆழத்தில் அள்ளுவதற்குப் போத்தலைத் தடியில் கட்டி, கீழே போனதும் தக்கையைக் கயிற்றால் இழுத்தேன். இவ்வளவையும் அறிக்கையில் எழுதியிருக்கிறேன். மிஸ் ஒரு வரியிலும் நிற்கவில்லை.

அளவு சொன்ன செய்திதான் மண்டையைக் குழப்பியது. அணைக்குக் கீழே உப்பு, அது சரி. அணைக்குச் சற்று மேலே, பலகைக்கு அருகிலேயே, தண்ணீர் நன்னீர். அதற்கும் மேலே, கடலை விட்டு விலகி வயலுக்குள் போகப் போக மறுபடி உப்பு! பலகையால் உப்பு வந்தால் பலகையடியில் அல்லவா கூட இருக்க வேண்டும்? கருவி பிழை என்று நினைத்தேன். கழற்றிப் பூட்டினேன். திரும்பவும் அதே கதை. நாட்கள் ஓடின. நெளுக்குளம் தன் அறிக்கையை எழுதி முடித்து அட்டை போடுகிறான் என்று கேள்விப்பட்டபோது எனக்கு அழுகையே வந்தது.

விடிவு வந்தது ஒரு வாளியால். கீழ்க்கரை மணலில் கிணறு கிடையாது. மணலில் ஆழமில்லாமல் ஒரு குழி தோண்டியிருப்பார்கள், பூவல் என்று பெயர். ஒருநாள் றீற்றா அக்கா களைத்துப்போய் இருந்தாரே என்று, நான் உதவி செய்யப் போனேன். பரம்பரைப் பழக்கம், வாளியை அடிவரைக்கும் தாழ்த்தி நிறைய அள்ளிக் குடத்தில் ஊற்றிவிட்டேன். அன்றைய சோற்றை ஒருவராலும் வாயில் வைக்க முடியவில்லை.

"எட கோதாரியே! பூவலில மேலால சிரட்டையால தடவி அள்ளுறதெல்லோ? கிண்டினால் உப்பு வரும். உங்கட ஆக்களுக்குத் தண்ணி எண்டால் தோண்டத்தான் தெரியும்!"

வீடு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தினேன். 'உங்கட ஆக்கள்' என்ற சொல் தலைக்குள் போய் நின்றுகொண்டது.

எங்கள் ஆட்கள் உண்மையில் அப்படித்தான். குடாநாட்டில் ஆறு இல்லை, கிணறுதான் உயிர். தண்ணீர் காணாவிட்டால் இன்னும் ஒரு முழம் வெட்டு என்பதுதான் எங்கள் புத்தி. இந்தத் திட்டத்திலும் சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் கடைசி வயலுக்கு வந்து சேராததால், ஆளாளுக்கு வயலோரத்தில் துரவு வெட்டியிருந்தார்கள். துரவு என்றால் பெரிய கேணிபோல ஒரு கிடங்கு. ஒவ்வொரு போகமும் அதை ஆழமாக்கினார்கள். நீரிறைக்கும் மெசினின் உறிஞ்சுகுழாயை அடிவரைக்கும் இறக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டி இறைத்தார்கள்.

சாப்பிடாமலே தடியையும் போத்தல்களையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். துரவு துரவாக மேல்தண்ணீரும் அடித்தண்ணீரும் அள்ளினேன். கிடாரத்துக்குள் வைத்து ஆறும்வரைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேல்தண்ணீரில் பேனைக் குழாய் ஒழுங்காக அமிழ்ந்தது. அடித்தண்ணீரில் நிமிர்ந்து எழும்பி நின்றது. மண்ணுக்கு அடியிலும் நன்னீர் மேலேயும் உவர்நீர் கீழேயுமாகத்தான் கிடக்கிறது. நன்னீரைத் தாண்டித் தோண்டி, கீழே கிடந்த உவரை உறிஞ்சி, தங்கள் நெல்லுக்குத் தாங்களே பாய்ச்சியிருக்கிறார்கள். ஆழமான துரவுகளைச் சுற்றித்தான் பயிர் கூடக் கருகியிருந்தது. அந்தோனிப்பிள்ளையைக் கட்டிப்பிடித்தேன். மனிதர் ஏன் என்று கேட்கவில்லை, முதுகில் தட்டினார்.

எழுதுவதற்குத் தாள் இல்லை. அலுவலகத்தில் பழுதான வரைபடத் தாள்களை வெட்டி, அவற்றின் பின்பக்கத்தில் மைப்பேனையால் எழுதினேன். றீற்றா அக்காவின் குசினி வாசலில் இருந்து எழுதியதால் புகையும் அதில் சேர்ந்தது. யார் பார்த்தது, யார் பார்த்தது என்று என்னையே கேட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக அடித்துத் திருத்தினேன். 'அறியப்படுகிறது' என்று வந்த இடமெல்லாம் வெட்டினேன். கடைசியில் மருந்தும் எழுதினேன்: குழாயின் வாயைத் துரவின் மேல்தண்ணீரில் மிதக்க விட வேண்டும், அடி காணுமட்டும் இறைக்கக் கூடாது.

மிஸ் முழுவதையும் ஒரே மூச்சில் வாசித்தார். கராம்பு இடம் மாறவேயில்லை. பேனையை எடுப்பார் என்று பார்த்தேன்.

"நல்லது. இனிப் பரமலிங்கத்தாருக்கு வாசிச்சுக் காட்டும்."

பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். ஒரு பக்கம் கமக்காரர், மறுபக்கம் மீனவர், பின்வரிசை வாங்கில் மிஸ். தொடங்கமுன் பரமலிங்கத்தாரையே அனுப்பி, அவருடைய துரவில் மேலால் ஒரு போத்தலும் அடியில் ஒரு போத்தலும் அவர் கையாலேயே அள்ளுவித்தேன். இரண்டையும் எல்லாரும் பார்க்க ஒரே வாளித் தண்ணீருக்குள் ஆற வைத்துவிட்டு வாசித்தேன். துரவுப் பகுதிக்கு வந்தபோது கமக்காரர் பக்கம் இரைச்சல் எழுந்தது.

"உன்னை எங்கட பெடியன் எண்டு நினைச்சம்!" பரமலிங்கத்தார் எழுந்தே விட்டார். "இறால் குழம்புக்கு எழுதின ரிப்போர்ட் இது!"

எனக்குக் கோபம் வந்தது. அறிக்கையை மடித்து வைத்தேன். "குழம்பு நல்ல குழம்புதான் அண்ணை. இப்ப தண்ணியைப் பாப்பம். அள்ளினது நீங்கள்."

போத்தல் தண்ணீரை இரண்டு கண்ணாடிச் சாடியில் ஊற்றிக் கருவியை விட்டேன். ஒன்றில் அமிழ்ந்தது, மற்றதில் எழும்பி நின்றது. பரமலிங்கத்தார் கிட்ட வந்து குனிந்து பார்த்தார். பிறகு விரலை விட்டு இரண்டையும் நக்கிப் பார்த்தார்.

"உப்புத்தான்," என்றார். ஆள் பொய் சொல்லத் தெரியாதவர். உடனே நிமிர்ந்தும் விட்டார். "ஆனால் போத்தல் சொன்னால் காணாது. பயிர் சொல்லவேணும். நீ சொன்னமாதிரி மிதக்க விட்டு இறைப்பன். புதுக்குருத்துப் பச்சையா வந்தால் ஒப்புக்கொள்ளுறன். வராட்டில் பலகைக்கு ஆணிதான்."

பின்வரிசையில் இருந்து மிஸ்ஸின் குரல் வந்தது. "நியாயமான கதை. என்ர கையெழுத்தும் பயிர் சொன்ன பிறகுதான்."

அந்த நேரம் மிஸ்ஸில் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. கல்லூரிக்கு அறிக்கை போகவேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பயிர் என்ன, என் அவசரத்துக்கா குருத்து விடும்?

அடுத்த நாள் பரமலிங்கத்தார் ஒரு வெறும் எண்ணெய்க் கலனைக் குழாய் வாயில் கட்டித் துரவில் விட்டார். கட்டு நழுவிக் குழாய் அடிக்குப் போனது. திரும்பக் கட்டினார், திரும்பப் போனது. வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்களில் அந்தோனிப்பிள்ளையும் ஒருவர். அவருக்கு அந்தக் கட்டைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பேசாமல் போய் வலை மிதவைகள் ஒரு கோர்வை கொண்டுவந்தார், சாரத்தை மடித்துக் கட்டினார், துரவுக்குள் இறங்கினார்.

"என்ர துரவில என்ன செய்யிறாய்?" என்றார் பரமலிங்கத்தார்.

"முடிச்சுப் போடுறன்," என்றார் அந்தோனிப்பிள்ளை. "நீங்கள் போட்டது முடிச்சே? தலைமயிர் முடிச்சும் இதைவிட இறுக்கமா இருக்கும்."

அந்த மனிதர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பரமலிங்கத்தார் குழாயின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தார். மிதவையில் குழாய் அசையாமல் நின்றது. மெசினுக்கு ஒரு சொட்டுப் பெற்றோல் காட்டி இழுத்து, மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். மேல்தண்ணீர் பளபளவென்று வயலுக்குள் ஓடியது.

நான் ஒவ்வொரு காலையும் போய் வயலில் குனிந்து நின்றேன். கடவுளைக் கும்பிடாதவன் நான், அந்த நாட்களில் அம்மனையும் அந்தோனியாரையும் மாறி மாறிக் கும்பிட்டேன். கருகிய இலை கருகியபடிதான் இருந்தது. பிறகு ஒருநாள், நடுவில் இருந்து ஒரு குருத்து வந்தது, நுனிவரைக்கும் பச்சை. அடுத்த பயிரிலும் வந்தது. வயல் முழுவதும் வந்தது! வரம்பில் நின்று நான் கத்திய கத்தில் கொக்குகள் எழும்பிப் பறந்தன.

மிஸ் சைக்கிளில் வந்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கி, ஒரு குருத்தைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சைக்கிள் இருக்கையின்மேல் அறிக்கையை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"குசினி மணக்குது ஜெயபுரம், உம்மட ரிப்போர்ட்," என்றார். அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

பலகைகளுக்கு ஒருவரும் ஆணி அடிக்கவில்லை. மற்றத் துரவுகளிலும் மிதவை வந்தது, முடிச்செல்லாம் அந்தோனிப்பிள்ளை போட்டது.

கடைசியாகப் பரீட்சை. நெல் அறுவடைக்கு வந்த சமயம், கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூட அறையில் நடந்தது. பரீட்சகர் வவுனியாப் பக்கம் இருந்து போர்க்காலப் பாதைத் தடையெல்லாம் தாண்டி வந்து களைத்திருந்தார். கெட்ட மனிதர் அல்ல, புத்தகத்து மனிதர். என் கருவியைத் தூக்கி, பேனைக் குழாயைப் பார்த்து, மெதுவாக மேசையில் வைத்தார்.

"மின்மானி இல்லை. மருந்துப் போத்தலும் பேனையும். இதை ஓர் அளவெண்டு நான் எப்பிடி ஏற்கிறது?"

வறுத்த உப்பில் இருந்து கிடாரம் வரைக்கும் எல்லாம் சொன்னேன். கேட்டார், தலையாட்டினார், ஆனால் முகம் தெளியவில்லை. அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

"பயிர் திருந்தினது எண்டு எழுதியிருக்கிறீர். இதை யார் பாத்தது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைத் திறக்கமுன் பின்னால் வாசலில் இருந்து அந்த அகன்ற குரல் கேட்டது.

"நாங்கள் பாத்தனாங்கள்."

திரும்பினேன். வாசலில் பரமலிங்கத்தார், வேட்டி முழுவதும் செம்மண் புழுதி. பக்கத்தில் அந்தோனிப்பிள்ளை, கையில் ஒரு வலை மிதவை. இரண்டு பேரும் ஒரே சைக்கிளில், மாறி மாறி மிதித்துக்கொண்டு, அவ்வளவு தூரம் வந்திருந்தார்கள். யார் சொல்லி வந்தார்கள் என்று பிறகு கேட்டேன். "ஒருத்தரும் சொல்லேல்லை. பெடியனுக்குச் சோதினை எண்டு கேள்விப்பட்டம்," என்றார் பரமலிங்கத்தார். அதை இப்போது எழுதும்போதும் எனக்குக் கண் கலங்குகிறது.

பரீட்சகர் மறித்துப் பார்த்தார், பரமலிங்கத்தாரை மறிக்கிறதாவது! நேரே மேசைக்கு வந்து, துவாயில் சுற்றி வைத்திருந்த நெற்கதிர்ப் பிடியை எடுத்து என் அறிக்கையின்மேல் வைத்தார். பொன்னாய் முற்றித் தலைசாய்ந்த கதிர்கள்.

"ஐயா, வற்றாப்பளை அம்மன் உப்புத்தண்ணியில விளக்கெரிப்பா. உப்பேறின வயலில நெல்லு விளைய வைச்சது இந்தப் பெடியன். எங்கட பெடியன்."

"எங்கடையும்," என்றார் அந்தோனிப்பிள்ளை.

பரீட்சகர் கதிர்களைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார், எங்கள் மூவரையும் பார்த்தார். ஒரு நெல்லைப் பிடுங்கி நகத்தால் உரித்து வாயில் போட்டு மென்றார்.

"உப்பில்லை," என்று சொல்லிவிட்டுப் பேனையை எடுத்தார்.